மறுநடவுப் பணம்

பிரிஞ்சாங் மலைச்சரிவில் ஊன்றிய தேயிலைச் செடி தலைமுறை கடந்தும் கொழுந்தளிக்கும். ரப்பரின் இயல்பு வேறு. முப்பதாண்டளவில் பால் குறையும். மரத்தை வீழ்த்தி மறுநடவு செய்தாலோ, புதுக்கன்று பால் தர ஆறேழாண்டு செல்லும். அதுவரை உலை எரிவது எங்ஙனம்?

இதற்கு விடையாகவே 1952-இல் மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பெற்றது. ஏற்றுமதியாகும் இராத்தல் ஒன்றுக்கு நாலரைக் காசு தண்டப்பெற்றது. சிறுதோட்டக்காரர்க்கு ஏக்கருக்கு முதலில் 400 வெள்ளியும் பின்னர் 600 வெள்ளியும், வேலை நடக்க நடக்கத் தவணையாக வழங்கப்பெற்றன. பெருந்தோட்டங்கட்குத் தனிக் கணக்கு.

மானியம் என்றே பெயர்; ஆயினும் தொடக்கத்தில் அது பால் விற்றவர் பணமேயாகும். பத்து ஏக்கருடையவன் இரண்டில் கன்று நட்டு, எட்டில் பால் எடுக்கலாம். இரண்டே ஏக்கருடையவன் மரத்தை வீழ்த்தினால் பட்டினி. வீழ்த்தாவிடிலோ, அவன் செலுத்திய காசு அடுத்தவன் கன்றுக்கு உரமாகும். அக்காசும் ரப்பர் விலையிலேயே கழிந்துபோயிற்று. ஆதலின் தான் செலுத்திய தொகையை அவன் கண்ணாற் கண்டதில்லை.

நிதி நிலவுரிமையைத் தொடர்ந்தே சென்றது. எனவே, பிறர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தமிழருட் பெரும்பாலார்க்கு இக்கணக்கில் ஏடே இல்லை. 1973-இல் சிறுதோட்டக்காரர் பகுதி ரிஸ்டா என்னும் அரசு நிறுவனத்திடம் சேர்ந்தது.