வேட்டையாடப்படும் அச்சம்: கென்னத் ஆண்டர்சனின் எழுத்தும் பெங்களூர்ப் பக்கத்துக் காடுகளும்

ஒரு விலங்கு தன்னைக் குறிவைத்துப் பின்தொடர்கிறது என்ற அச்சத்தைத் தென்னிந்தியக் காடுகளின் பின்னணியில் விரிவாக எழுதியவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் வாழ்ந்து, அங்குள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே ஆட்கொல்லிகளைத் தேடிக் காட்டுக்குப் போனவர். முதல் நூலான ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ 1954இல் வெளிவந்தது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகள் அவருடைய களம். கும்மளாபுரத்துச் சிறுத்தையைப் பற்றிய கதையில் வேட்டையைவிட ஊரின் நிலைதான் மனத்தை உலுக்குகிறது. பொழுது சாய்ந்ததும் கதவுகளை அடைத்து, முள்ளைக் குவித்து, இயற்கை உபாதைக்குக்கூட வெளியே வராமல் ஊரே ஒடுங்கிக் கிடக்கிறது. ஜவளகிரிக் கதை இதற்கு நேர்மாறானது. இணையைக் களவு வேட்டைக்காரர்களிடம் இழந்த பெண்புலி மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது. கடைசியில் ஆண்புலியின் குரலைத் தானே எழுப்பி அதை வரவழைத்துச் சுடுகிறார் ஆண்டர்சன். அச்சத்தை முதலில் விதைத்தது மனிதன் என்பதை மறைக்காததே இக்கதையின் சிறப்பு.

தமிழில் இந்த அச்சம் மிகப் பழையது. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் அது இன்னொருவருக்காகப் படும் அச்சம்: புலியும் யானையும் திரியும் வழியில் இரவில் வரும் தலைவனை எண்ணித் தோழி கலங்குகிறாள்.

காட்டில் இரை விலங்குகளின் பிழைப்பே அச்சத்தைச் சார்ந்தது. கடமானும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டே பழங்குடி வழிகாட்டிகள் புலியின் போக்கைக் கணிப்பார்கள். யானையும் விலக்கல்ல. தென்னிந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பதிவுசெய்த புலி உறுமலைக் கேட்ட காட்டு யானைகள் சத்தமின்றிப் பின்வாங்கின. சிறுத்தையின் உறுமலுக்கோ முதலில் பிளிறிச் சினம் காட்டிவிட்டே விலகின.

தப்ப வழியில்லாத நெருக்கடி மூளையிலும் தடம் பதிக்கும். பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளை வைத்து 2002இல் இதைக் காட்டினர். நாள்தோறும் அசையவிடாமல் அடைக்கப்பட்ட எலிகளில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலோ அவை வளர்ந்தன.

2016 பிப்ரவரியில் பெங்களூரின் குந்தலஹள்ளிப் பகுதியில் பள்ளி ஒன்றுக்குள் சிறுத்தை புகுந்தது. அதைப் பிடிக்க முயன்றபோது காட்டுயிர் ஆய்வாளர் சஞ்சய் குப்பி உள்ளிட்டோர் காயமடைந்தனர். கூட்டத்துக்கும் சுவர்களுக்கும் நடுவே சிக்கிய அந்த விலங்கின் அச்சத்தையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பகுதியில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், சிங்கத்தின் குரலைவிட மனிதர் பேசும் குரலைக் கேட்டே விலங்குகள் அதிகம் ஓடின. ஒட்டகச்சிவிங்கி, சிறுத்தை, யானை, காண்டாமிருகம் எல்லாமே அவற்றில் அடக்கம்.