முகம் சிதைந்த தண்ணிக்காரன்

வத்திராயிருப்புப் பக்கம், பிளவக்கல் அணைத் தண்ணி பாயுற வயக்காட்டில் எங்கம்மா நடவு நட்டுச்சு. வரப்பில் குடை பிடித்து நிற்கிற முதலாளியின் வயித்தையும் நடையையும் வைத்து நடவுக்காரப் பொம்பளைக பாட்டுக் கட்டுவாங்க. 'எவடி பாடுனது?' என்று அவர் கத்துவார். குனிஞ்ச தலை ஒண்ணும் நிமிராது.

ரோம் நகரத்துப் 'பேசும் சிலை'களைப் பற்றிப் படித்தபோது இந்தக் குனிஞ்ச தலைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே 1501இல் ஒலிவியரோ கராஃபா என்ற கார்டினல் ஒரு மூளிச் சிலையைத் தெருமுனையில் நிறுத்தினார். பாஸ்குவினோ என்று அதற்குப் பேர் வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் போப்பையும் கார்டினல்களையும் நக்கலடித்து எழுதிய தாள்களை அதில் ஒட்டிவிட்டுப் போவார்கள். எழுதினது யார்? சிலைதான்! இப்படி ஊருக்குள் ஆறு சிலைகள். ஒன்று கேள்வி கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும்.

ஐந்து சிலைகள் பழங்காலத்துப் பளிங்கு: நதித் தெய்வம், அங்கி போட்ட பெரிய மனுசன் இப்படி. ஆறாவதுதான் நம்ம ஆள். இல் ஃபக்கீனோ, அதாவது சுமைகூலி. 1580ஐ ஒட்டிச் செய்த நீரூற்றுச் சிலை. தலையில் தொப்பி, கையில் பீப்பாய், பீப்பாயிலிருந்து தண்ணி கொட்டும். பழைய கால்வாய்கள் இடிந்து கிடந்த காலத்தில் டைபர் ஆற்றுத் தண்ணியை வீடு வீடாகச் சுமந்து விற்றவர்களின் சங்கம் வைத்தது என்கிறார்கள். செதுக்கு நன்றாயிருக்கிறதே என்று மைக்கேலாஞ்சலோவின் பேரில் எழுதி வைத்தவர்களும் உண்டு. மார்ட்டின் லூதரின் உருவம் என்று நம்பிக் கல்லெறிந்ததில் முகம் போய்விட்டதாம். ஒரு கூலிக்காரனுக்குச் சிலை இருக்கும் என்றே எவனுக்கும் தோணலை, பாருங்கள். பெரிய வீதியில் இருந்தவனை 1874இல் பக்கத்துச் சந்துக்குத் தள்ளினார்கள்.

கேலிக்கு விலையும் இருந்தது. 1570இல் ஒரு பழங்கால்வாயைச் செப்பனிட்டு ஊருக்குத் தண்ணி கொண்டுவந்தவர் போப் ஐந்தாம் பயஸ். அதே வருசம், அதே போப்பின் ஆட்சியில், நிக்கோலோ ஃபிராங்கோ என்ற எழுத்தாளரைக் கேலி எழுதியதற்காகத் தூக்கில் போட்டார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் அரிக்கிறது. பாஸ்குவினோவில் முதலில் ஒட்டியதெல்லாம் லத்தீன் செய்யுள். படித்தவன் எழுதினான், கார்டினலுக்குக் கார்டினல் பகை தீர்க்கவும் எழுதினான். தண்ணி சுமந்தவன் லத்தீன் படித்தானா? அவன் உருவம் வாய் கொடுத்தது. அந்த வாயில் யாருடைய பேச்சோ. அவன் பேசிச் சிரித்தது எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது.

இங்கே கதை வேறு. 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் தண்ணி அள்ளிக் குடித்த அண்ணலுக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. பல ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். ராத்திரியில் அந்தச் சிலையைத் தேடி வருகிறவன் கையில் தாள் இருப்பதில்லை.

அம்மாவிடம் அந்த நடவுப் பாட்டைக் கேட்டேன், எழுதி வைக்கலாமென்று. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுச் சொன்னது:

"யாரு கட்டுனதுன்னு போடக்கூடாது, ஆமா. எல்லாருந்தான் பாடுனோம்."