அணுக்கரு இணைவு உலையும் அறிவுப் பங்கீடும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

ஞாயிற்றின் அகத்தே ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து பேராற்றலை வெளியிடுகின்றன. அச்செயலைப் புவியில் கட்டுப்பாட்டுடன் நிகழ்த்த நாடுகள் பல கூடி முயன்று வருகின்றன. அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் இந்தியா பெற்ற பங்கினையும் ஆராய்ந்து, ஊவா மக்களாகிய நாம் அதனின்று அறியத்தக்கது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1955இல் ஜெனீவாவிற் கூடிய அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுள் இவ்வாற்றல் வசப்படும் என எதிர்வுகூறினார். ஆயின், அந்நாளில் வல்லரசுகள் இவ்வாய்வை மறைத்தே நடத்தின. 1958ஆம் ஆண்டு மாநாட்டிலேயே அத்திரை விலகியது. 1968இல் சோவியத் அறிஞர்கள், ‘தொகமாக்’ எனும் வளைய வடிவக் காந்தக் கலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி பாகை வெப்பநிலையை எய்தியதாக அறிவித்தனர். மேல்நாட்டார் ஐயுற்றனர். மறு ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் தம் லேசர்க் கருவிகளுடன் மொஸ்கோ சென்று, தாமே அளந்து, அது மெய்யென உறுதிசெய்தனர். பனிப்போரின் நடுவே நிகழ்ந்த இச்சோதனையே பின்வந்த கூட்டுறவுக்கு முன்னோடி எனலாம்.

1985இல் றீகனும் கொர்பச்சோவும் ஜெனீவாவிற் சந்தித்தபோது கூட்டு உலை பற்றிய எண்ணம் உருப்பெற்றது. 1988இல் வடிவமைப்புப் பணி தொடங்கியது. 2006 நவம்பர் 21இல் ஐரோப்பிய ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா, இரசியா, யப்பான், சீனா, தென் கொரியா, இந்தியா ஆகிய எழுவரும் பாரிசில் ஒப்பந்தஞ் செய்தனர். ‘ஈற்றர்’ எனும் இவ்வுலை தென் பிரான்சின் கடராச்சியில் 2010 முதல் கட்டப்பட்டு வருகின்றது. 50 மெகாவாற்று வெப்பத்தைச் செலுத்தி 500 மெகாவாற்றுப் பெறுதல் அதன் இலக்கு. மின்னுற்பத்தி அதன் பணியன்று. பணிகள் பன்முறை தாமதமுற்றன. 2024இல் வெளியான திட்டப்படி ஆய்வியக்கம் 2034இலும், முழு எரிபொருளுடனான இயக்கம் 2039இலும் தொடங்கவேண்டும்.

இத்தாமதத்துக்கு ஒரு காரணம், உறுப்புநாடுகள் பணத்தைவிடப் பெரிதும் பாகங்களையே தம் பங்காக வழங்குவதாகும். பலர் செய்யும் பாகங்களைப் பொருத்துதல் எளிதன்று. எனினும், செய்பவன் கற்கிறான் என்பதே இம்முறையின் அடிப்படை. 1989இல் ‘ஆதித்யா’ எனும் தொகமாக்கைத் தானே அமைத்திருந்த இந்தியா, ஏறத்தாழ 30 மீற்றர் உயரமும் 3,800 தொன் நிறையுமுள்ள புறக்கலத்தைக் குஜராத்தின் ஹசீராவில் உருவாக்கி அனுப்பியது. அதன் அடித்தளம் 2020 மேயில் உலைக்குழியில் இறக்கப்பட்டது. கட்டுமானச் செலவில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 9 வீதமே. பெறும் அறிவுரிமையோ முழுமையானது.

ஊவாவும் பன்னாட்டு ஆற்றற் கூட்டுறவொன்றைக் கண்டுள்ளது. 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்ட, 120 மெகாவாற்று வலுவுள்ள உமா ஓயாத் திட்டமே அது. வடிவமைப்பும் நிர்மாணமும் ஈரானிய நிறுவனமொன்றின் பொறுப்பிலிருந்தன. பொருளாதாரத் தடைகளால் ஈரானியக் கடன் தடைப்பட்டபின், செலவின் பெரும்பகுதியை இலங்கையே ஏற்றது. சுரங்கத்துள் நீர் கசிந்தமையால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. செலவிலும் இடரிலும் நமக்குப் பங்கு கிடைத்தது. அறிவில் எவ்வளவு கிடைத்தது என்பதே வினா.

தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழைப்பை வழங்கினர். திட்டமிடும் அறிவு பிறரிடமே இருந்தது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின்னும் அந்நிலை தொடர்தல் தகாது. இனி இம்மண்ணில் எழும் திட்டம் எதுவாயினும், அதன் ஒரு பாகத்தையேனும் இங்குள்ள மாணவர் வடிவமைக்கவும் செய்யவும் வேண்டுமென ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். ஈற்றரின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.