தையலில்லாச் சுரங்கத்தின் சொந்தக்காரர் யார்?

கண்புரை அறுவை கற்பவர்களின் பாடநூல்களில் வெள்விழியில் போடும் வெட்டின் வடிவங்களை வரிசையாக வரைந்திருப்பார்கள். நேர்க்கோடு ஒன்று. கருவிழி விளிம்பை ஒட்டியே வளையும் கோடு ஒன்று. விளிம்புக்கு எதிர்ப்பக்கம் வளையும் ‘ஃப்ரௌன்’, தலைகீழ் ‘வி’ வடிவத்தில் ‘செவ்ரான்’. கடைசி இரண்டுக்கும் ஆள்பெயர் உண்டு. ஃப்ரௌன் என்றால் சிங்கர், செவ்ரான் என்றால் பாலின். ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும் இந்த இருவரில் ஒருவர் மற்றவர்மேல் வழக்குப் போட்டவர் என்பது எந்தப் பாடநூலிலும் இராது.

எனக்கு அது தெரிய வந்தது ஒரு கத்தியால். காப்புரிமைத் தேடல் என் தொழில். தென்மாவட்டக் கண் மருத்துவர் ஒருவர் ஒரு வரைபடத்தை அனுப்பி, “சார், இதுக்கு பேடன்ட் கிடைக்குமா, யாராவது முன்னாடியே வாங்கிட்டாங்களா?” என்று கேட்டிருந்தார். வெள்விழியின் அடுக்குகளுக்கு நடுவே சுரங்கம் தோண்டும் கிரசென்ட் கத்தி அது. ஆழம் தவறாமல் இருக்க அலகின்மேல் ஒரு தடுப்பைச் சேர்த்திருந்தார்.

தடுப்பு எதற்கு என்று புரிய அந்த அறுவையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஸ்.ஐ.சி.எஸ். என்று மருத்துவர்களும், தையலில்லா ஆபரேஷன் என்று முகாமுக்கு வருபவர்களும் சொல்வது. கருவிழி விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பின்னால், சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்தில், வெள்விழியின் பாதிக் கனத்துக்கு வெட்டுவார்கள். பிறகு கிரசென்ட் கத்தியைப் படுக்கவைத்து, இடமும் வலமுமாக அசைத்து, கருவிழிக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகும்வரை அடுக்கைப் பிரிப்பார்கள். அதன் பிறகே வேறொரு கத்தியால் கண்ணின் முன்னறையைத் திறப்பார்கள். புரையை எடுத்து லென்ஸ் வைத்ததும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே சுரங்கத்தின் உள்ளுதட்டைக் கூரையோடு சேர்த்து அழுத்தும். தண்ணீர் தள்ளத் தள்ள மடைப்பலகை இறுகுவதுபோல் வெட்டு தானே மூடிக்கொள்ளும். கத்தி மேலே ஏறினால் கூரையில் ஓட்டை. அதை ‘பட்டன்ஹோல்’ என்பார்கள். கீழே இறங்கினால் உரிய இடம் வருமுன்பே கண்ணுக்குள் நுழைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் கத்தி ஓட வேண்டிய பாதை முழு மில்லிமீட்டர்கூட இல்லை. புதிதாகக் கற்பவர்களின் கைநடுக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மருத்துவருக்குத் தடுப்பு யோசனை வந்திருக்கிறது.

கண் அறுவைக் கருவிகளுக்கு உலகக் காப்புரிமைப் பட்டியலில் ஏ61எஃப் 9/007 என்று ஒரு வகுப்பு இருக்கிறது. வழக்கமாக அங்கிருந்துதான் தொடங்குவேன். கத்திகளுக்கு நடுவே கத்தியே இல்லாத ஓர் ஆவணம் தட்டுப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமை எண் 5,080,111. 1990-இல் விண்ணப்பித்து, 1992 ஜனவரியில் வழங்கப்பட்டது. பெற்றவர் அரிசோனாவைச் சேர்ந்த கண் மருத்துவர் சாமுவேல் பாலின். அவர் உரிமை கோரியது எந்தக் கருவிக்கும் அல்ல. தானே மூடிக்கொள்ளும் வெட்டை எப்படிப் போடுவது என்ற முறைக்கு. அதாவது, அந்த வடிவில் வெட்டும் எந்த அமெரிக்க மருத்துவரும், கையில் எந்தக் கத்தி இருந்தாலும், பாலினுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது பொருள்.

வாடிக்கையாளரின் தடுப்பை அப்படியே வைத்துவிட்டு இதன் பின்னால் போனேன். போயிருக்க வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் இப்படி ஓர் ஆவணம் கையில் சிக்கினால் விட மனம் வராது.

காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. சுரங்கம் 1990-இல் புதியதா? கண் மருத்துவ இதழ்களின் பழைய தொகுதிகளைப் பின்னோக்கிப் புரட்டினால் முதலில் கிடைப்பது பாலினின் சொந்தக் கட்டுரை, 1990-இல் வந்தது, செவ்ரான் வெட்டைப் பற்றியது. அடுத்த ஆண்டு வெர்மான்ட் மாநிலத்து ஜாக் சிங்கர் ஃப்ரௌன் வெட்டைப் பற்றி எழுதுகிறார். அதுவரை சரி. இன்னும் பின்னால் போனால் கதை மாறுகிறது. 1984-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் ஜிரார்டும் ஹாஃப்மனும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘வெள்விழிச் சுரங்கம்’ இருக்கிறது. அவர்களுடைய கவலை தையல் அல்ல, அறுவைக்குப் பின் பார்வையில் வரும் கோணல். அதற்கும் முன்னால், வெட்டைக் கருவிழி விளிம்பிலிருந்து வெள்விழிக்குத் தள்ளி வைத்தவர் என்று கிராட்ஸ் பெயரைச் சொல்கிறார்கள். 1989 வாக்கில் மக்ஃபார்லண்ட் என்பவர் சுரங்கம் போட்டால் தையலே தேவையில்லை என்று கண்டுகொண்டார். சுரங்கம் கருவிழிக்குள் கொஞ்சம் நீள்வதால்தான் உதடு உண்டாகி வால்வாக வேலை செய்கிறது என்பதை விளக்கியவர் பால் எர்னெஸ்ட்.

ஆக ஆறு பேர். ஒருவர் இடத்தை மாற்றினார், இருவர் அதற்குப் பெயர் வைத்தார்கள், ஒருவர் தையலை விட்டார், ஒருவர் காரணம் சொன்னார், பாலின் வடிவத்தைத் திருத்தினார். கணக்கில் சிங்கரையும் சேர்த்தால் ஏழு. இந்த நகர்வுகளில் எதை ‘கண்டுபிடிப்பு’ என்று வெட்டி எடுப்பது?

காப்புரிமை அலுவலகத்தில் இருக்கும் பரிசோதகர்மேல் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் முதலில் தேடும் இடம் பழைய காப்புரிமைகள். அறுவை முறைகள் அங்கே அதிகம் இருக்காது. அவை மாநாட்டில் ஓடும் வீடியோவிலும், ஓர் அறுவை அரங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பார்த்துவரும் பயணத்திலும், குரு சீடனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பும் அந்த நொடியிலும் இருக்கின்றன. கத்தியைத் தேடுவது சுலபம். கையைத் தேட ஆவணக்காப்பகம் கிடையாது.

பாலின் 1993-இல் சிங்கர்மேல் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க மருத்துவர் உலகம் கொந்தளித்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1994-இல் இத்தகைய முறைக் காப்புரிமைகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. விசாரணையின்றி வழக்கை முடிக்கும் முயற்சி 1995-இல் பலிக்கவில்லை. கடைசியில் 1996 மார்ச் 28 அன்று, வெர்மான்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆணை ஒன்று வந்தது. பாலினின் கோரிக்கைகள் நிற்கவில்லை. ஆராய்ச்சிக்காரனுக்கு இது ஏமாற்றம். சம்மத ஆணை என்பதால், யார் முன்னால், எது புதிது என்று சாட்சிகளை நிறுத்திக் கேட்கும் வாய்ப்பே போயிற்று. ஏழு பேரின் வரிசையை எந்த நீதிபதியும் எடைபோட்டுத் தீர்ப்பு எழுதவில்லை.

கண் மருத்துவமும் காப்புரிமையும் நீதிமன்றத்தில் மோதியது அது முதல் தடவை அல்ல. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் மயக்கத்தைக் காட்டிய வில்லியம் மார்ட்டன், அடுத்த மாதமே ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து அதற்கு 4848 என்ற எண்ணுள்ள காப்புரிமை வாங்கினார். அந்த உரிமை 1862-இல் விழுந்தது. வழக்கின் எதிர்த்தரப்பு நியூயார்க் கண் மருத்துவமனை. ஈதர் பழைய பொருள், முகர்வது பழைய வழி. புதிதாக நிகழ்ந்தது விளைவு மட்டும், அதற்கு உரிமை தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு, 1954-இல், அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியம் ஷெரர் என்பவரின் வழக்கில் மருத்துவ முறைக்கும் உரிமை தரலாம் என்று கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் பாலின் நுழைந்தார்.

1996 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கதவை ஒரு விநோதமான விதத்தில் ஒருக்களித்தது. மசோதாவுக்குப் பின்னால் இருந்த இருவரும் அறுவை மருத்துவர்கள்தாம்: செனட்டில் பில் ஃபிரிஸ்ட், கீழவையில் கிரெக் கன்ஸ்கி. முறைக்குக் காப்புரிமை தரக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தரலாம், ஆனால் அதை மீறிய மருத்துவர்மேலோ மருத்துவமனைமேலோ வழக்குப் போட்டு எதையும் வாங்க முடியாது என்றது. காப்புரிமை பெற்ற கருவியைப் பயன்படுத்தினால் இந்தச் சலுகை கிடையாது. கத்தி செய்பவர்களின் குரல் அந்த விதிவிலக்கில் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இல்லை. 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ), மனிதருக்குச் செய்யும் அறுவை முறை எதுவும் கண்டுபிடிப்பே அல்ல என்று நேராகச் சொல்லிவிடுகிறது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் அப்படி விலக்கிவைக்க நாடுகளுக்கு இடம் தந்திருக்கிறது. பாலினின் உரிமையோ அமெரிக்க எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாவது. அதனால் 1976-இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும், காத்மாண்டில் கண் மருத்துவர் சாண்டுக் ருயித்தின் திலகங்கா மருத்துவமனையிலும் சுரங்க வெட்டு யாருக்கும் கப்பம் கட்டாமல் பரவியது.

இனி வாடிக்கையாளரின் கத்தி. முறைக்கு வழியில்லை, கருவிக்கு உண்டு. ஆனால் ‘வெள்விழியில் சுரங்கம் தோண்டுவதற்கான கத்தி’ என்று எழுதினால் அந்த ‘தோண்டுவதற்கான’ என்ற பகுதிக்கு எந்தப் பலமும் இல்லை. பழைய கிரசென்ட் கத்தியும் அதைத்தான் செய்கிறது. தெரிந்த கருவியின் வெறும் பயன்பாட்டைப் பிரிவு 3(டி) வேறு தனியாகத் தள்ளிவிடும். வெள்விழியைப் பாதிக் கனத்தில் உரித்தெடுக்கும் வேலையும் பழையது. 1968-இல் கெய்ர்ன்ஸ் விவரித்த கண்ணழுத்த அறுவையில் அது இருக்கிறது. மிச்சம் தடுப்பு ஒன்றுதான். அதிலும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு என்ற யோசனை, கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் கீறல் போட்ட காலத்து வைரக் கத்திகளிலேயே வந்துவிட்டது. அவை செங்குத்தாக இறங்கும் கத்திகள். இவருடையது படுத்துப் போவது. தடுப்பு அலகோடு சேர்ந்து சாயும்படி அவர் அமைத்திருந்த மூட்டு மட்டும் நான் பார்த்த எதிலும் இல்லை.

“அப்போ அந்த மூட்டுக்கு மட்டும்தானா சார்?” என்றார் மருத்துவர், கொஞ்சம் வருத்தமாக.

“அதுக்கே இன்னொரு கேள்வி இருக்கு டாக்டர். இதை எங்கேயாவது காட்டினீங்களா?”

மாநிலக் கண் மருத்துவர் மாநாட்டில் கட்டுரையாக வாசித்து, வீடியோவும் போட்டிருக்கிறார். எல்லாரும் செய்வதுதான். விண்ணப்பத்துக்கு முன் வெளியே சொன்னால் புதுமை போய்விடும், அதைக் கெடுப்பது கண்டுபிடித்தவர் வாயே ஆனாலும். ஆனால் கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்குப் பிரிவு 31 பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது. மாநாட்டு அழைப்பிதழைத் தேடி எடுத்து அனுப்பச் சொன்னேன். தேதியைப் பார்த்ததும், மற்ற நாடுகளை மறந்துவிட்டு இந்த வாரமே சென்னை அலுவலகத்தில் விண்ணப்பம் போடச் சொன்னேன்.