கை நடுங்கினாலும் படம் நடுங்கக்கூடாது

பலமுறை இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் அல்பம் இருப்பது அரிது. ஓர் உறைக்குள் ஓரிரு படங்களே மிஞ்சியிருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படமும் அதற்குள் இருக்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கிய நாள்முதல் தாய்மார் கைகளில் ஏந்தி நிற்பதும் பிள்ளைகளின் படங்களைத்தான். வெயிலும் மழையும் படத்தைத் தின்றுவிடும். மூலப்படம் வீட்டில் இருக்கட்டும். வெளியே பிரதி போகட்டும்.

ஸ்கானர் இருந்தால் நல்லது. இல்லாத வீடுகளில் என்னுடைய டி.எஸ்.எல்.ஆர். கமராவாலேயே பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். இதில் முதல் எதிரி அதிர்வு. கொஞ்சம் இருட்டாக விழுந்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தைத் திருத்துவது மிகக் கடினம்.

கையில் பிடித்து எடுப்பதானால் ஒரு கணக்கு உண்டு. 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குக் குறைந்தது 1/50 செக்கன் ஷட்டர் வேகம் வேண்டும். சாதாரண கமராக்களில் சென்சர் சிறியது என்பதால் 1/80 பாதுகாப்பானது. கிட்டவாக எடுக்கும்போது அசைவு இன்னும் பெரிதாகத் தெரியும், 1/160 வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். படத்தில் விழும் சிறு புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கலைப் பொறுக்க முடியாது.

முக்காலி இருந்தால் அதுவே மேல். தடித்த கால்களை முதலில் நீட்டுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பழைய படத்தை ஒரு பலகையில் சாய்த்து நிறுத்தி, கமராவை அதற்குச் சமாந்தரமாக வையுங்கள். படத்தில் பசை நாடா ஒட்டவேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். லென்ஸில் அதிர்வுக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருந்தால், முக்காலியில் வைத்தபின் அதையும் நிறுத்துங்கள். சில லென்ஸ்களில் அதுவே அசைவை உண்டாக்கும்.

முக்காலியில் வைத்தாலும் இரண்டு அதிர்வுகள் மிஞ்சும். ஒன்று, விரல் அழுத்துவதால் வருவது. செல்ஃப் டைமரை 2 செக்கனில் வைத்தால் அது அடங்கிவிடும். 10 செக்கன் இன்னும் நல்லது. மற்றது கமராவுக்குள்ளேயே இருக்கிறது. படம் எடுக்கும் கணத்தில் உள்ளேயுள்ள கண்ணாடி மேலே துள்ளி எழும். 1/60 செக்கனுக்கும் 1 செக்கனுக்கும் இடைப்பட்ட வேகங்களில் அந்தத் துள்ளல் படத்தைக் கலக்கக்கூடும். 'மிரர் லொக் அப்' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் லைவ் வியூவில் எடுங்கள். பெரும்பாலான கமராக்களில் அப்போது கண்ணாடி முன்கூட்டியே எழுந்திருக்கும்.

துளை எஃப் 8, பக்கத்திலிருந்து யன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்பான தாளில் ஃபிளாஷ் வெள்ளையாக அடித்துவிடும். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். முகமே உரிந்து வரலாம். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

எடுத்தவுடன் திரையில் பெருப்பித்துக் கண்ணிமையைப் பாருங்கள். மயிர்கள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். அதில் தெரிந்தால் மீண்டும் எடுக்கவேண்டும். கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். விசாரணைக்கென்றோ செய்திக்கென்றோ யார் கேட்டு வந்தாலும் பிரதியையே கொடுங்கள்.