விரல் அளவில் கடல் கடந்தோர்

தரையின் இருளிலும் கடலின் இருளிலும் மனிதர் வழி அறிவதற்காக அல்லாஹ் நட்சத்திரங்களை அமைத்திருப்பதை, அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97-ஆம் வசனம் நினைவூட்டுகிறது. நாம் அதனை ஓதிக் கடந்துவிடுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் துறைகளிலிருந்து மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கோ அது அன்றாட அனுபவமாக இருந்தது.

வடக்கே செல்லச் செல்லத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து உயரும். தெற்கே வரவரத் தாழும். நேர் கிழக்கிலோ மேற்கிலோ சென்றால் அதன் உயரம் மாறாது. அரபு மாலுமிகள் அதனை 'ஜாஹ்' என்றழைத்து, அதன் உயரத்தை 'இஸ்பா', அதாவது விரல் கணக்கில் அளந்தனர். ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதல். கப்பல் நேர் வடக்கே எட்டு 'ஸாம்' ஓடினால் நட்சத்திரம் ஒரு விரல் உயரும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு ஸாம் மூன்று மணி நேரம். நம்முடைய சாமமும் அவ்வளவே. ஆகவே, எட்டு ஸாம் என்பது ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.

சோழமண்டலக் கரையோர மாலுமிகள் இதற்கு இராப்பலகையைப் பயன்படுத்தினர். அரபியர் அதனைக் 'கமால்' என்றனர். சிறு மரப்பலகையின் நடுவே முடிச்சிட்ட கயிறு ஒன்று கோக்கப்பட்டிருக்கும். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக நீட்டி, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொடுமாறு பிடிப்பர். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. கடல் நடுவே நாகப்பட்டினத்தின் முடிச்சுக்கு நட்சத்திரம் பொருந்திவிட்டால், அந்த உயரம் மாறாமல் மேற்கு நோக்கிச் செலுத்தினால் போதும். கரை தானே வந்து சேரும்.

கி.பி. 1490-ஐ ஒட்டி 'கிதாபுல் ஃபவாயித்' எழுதிய அஹ்மத் இப்னு மாஜித் (ரஹ்) இக்கலையின் பேராசான். நட்சத்திரங்கள், பருவக்காற்று, கரை அடையாளங்கள் ஆகியவற்றை விளக்கிய அவர், கிப்லாவை அறியும் முறை குறித்தும் எழுதினார். கப்பலுக்கு வழி காட்டிய கல்வியே தொழுகைக்கும் திசை காட்டியது.

கடல் காணாத நம் கீழ்பென்னாத்தூரிலும் அக்கல்வியைப் பயிலலாம். இங்கே துருவ நட்சத்திரம் சுமார் 12 பாகை உயரத்தில் நிற்கிறது. கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நட்சத்திரத்தை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் மேற்கு. அங்கிருந்து வடக்கே இரண்டு முஷ்டி அளவு திரும்பினால் கிப்லா.

இன்று கைபேசி அணைந்துவிட்டால் திசை அறியாது திகைக்கும் பிள்ளைகளை நாம் வளர்க்கிறோம். இஷாவுக்குப் பின் அவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று ஒரு நட்சத்திரத்தையேனும் காட்டுவோம். ஓதும் வசனத்தை வானத்திலும் வாசிக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு அருள்வானாக.