2015 உதகமண்டல அண்டக்கதிர் எழுச்சி

2015 உதகமண்டல அண்டக்கதிர் எழுச்சி என்பது, 2015 ஜூன் 22 அன்று (அனைத்துலக நேரம்) ஏற்பட்ட கடும் புவிக்காந்தப் புயலின்போது, நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி பதிவுசெய்த அண்டக்கதிர் மிகுதியைக் குறிக்கும். இத்தொலைநோக்கி டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகத்தைச் சேர்ந்தது.

பின்னணி

புவியைச் சூழ்ந்த காந்தக்கோளம், விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைத் திசைதிருப்புகிறது. இத்தடை துருவங்களில் மிகக் குறைவு. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென்னிந்தியாவில் மிக அதிகம். திருவண்ணாமலையிலோ உதகமண்டலத்திலோ நேர் மேலிருந்து வரும் புரோத்தன், ஏறத்தாழ 17 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இன்றி வளிமண்டலத்தை அடைய இயலாது. அடையும் துகள்கள் காற்றணுக்களில் மோதுவதால் உண்டாகும் மியூவான்களே தரையில் எண்ணப்படுகின்றன. காந்தத் தடை தளர்ந்தால் இவ்வெண்ணிக்கை கூடும்.

நிகழ்வு

சூரியனின் ஒளிவட்டத்திலிருந்து வீசப்பட்ட பிளாசுமா முகில் அனைத்துலக நேரப்படி 18:40 மணிக்குப் புவியை வந்தடைந்தது. 19:00 மணி முதல் இரண்டு மணி நேரம், தொலைநோக்கி நோக்கும் ஒன்பது திசைகளிலும் மியூவான்கள் ஒருசேர மிகுந்தன. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. அதாவது உதகமண்டலம் சூரியனுக்கு மறுபுறத்தில் இருந்தது.

விளக்கம்

கிரேப்ஸ்-3 குழுவினர் தம் முடிவுகளை 2016 இல் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டனர். முகிலுடன் வந்த 40 நானோதெசுலா காந்தப்புலம் 17 மடங்கு இறுகி 680 நானோதெசுலா ஆகி, புவியின் புலத்துடன் மறு இணைப்புற்றதால் தடை தற்காலிகமாகத் தளர்ந்தது என்பது அவர்கள் கணிப்பு. பகற்புறம் நுழைந்த துகள்கள் சுமார் 210 பாகை வளைந்ததால் இரவுப்புறத்தில் புலப்பட்டன என்றும் விளக்கினர். காந்தக்கோளம் புவி ஆரத்தைப் போல் 11 மடங்கிலிருந்து 4 மடங்காகச் சுருங்கியதாகவும் அறிவிக்கப்பட்டது. புவிநிலைச் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை 6.6 மடங்குத் தொலைவில் உள்ளது. எனவே இக்கூற்றின்படி, பகற்புறச் செயற்கைக்கோள்கள் காந்தக்கோளத்துக்கு வெளியே நின்றிருக்க வேண்டும். இதனைச் செய்தித்தாள்கள் 'விரிசல்' என்று எழுதியது பொருத்தமன்று, கூறப்பட்டது தளர்வே.

மாற்றுக் கருத்து

சப்பான், ஆஸ்திரேலியா, பிரேசில், குவைத் ஆகிய நாடுகளின் மியூவான் கருவிகள் கொண்ட உலகளாவிய வலையமைப்பின் தரவுகளை ஆராய்ந்த குழுவினர் 2018 இல் வேறொரு காரணத்தை முன்வைத்தனர். சூரியக் காந்தப்புலம் திசைமாறும் மின்னோட்டத் தளத்தைப் புவி கடந்தபோது, அங்கே அண்டக்கதிர்களே அடர்ந்திருந்தன என்பது அவர்கள் முடிவு. இதன்படி மிகுதியின் தோற்றுவாய் காந்தக்கோளத்துக்கு வெளியே அமைகிறது. ஒன்பது திசைகளிலும் ஒரே நேரத்தில் தோன்றியதால் அது புவிக்கு அருகிலேயே என்பது கிரேப்ஸ்-3 குழுவின் வாதம்.